வளைந்த கல்

வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை இழுக்கிறோம். அதற்காக அம்பாறைப் பக்கத்துக் குவாரி ஒன்றிலிருந்து முக்கால் சல்லியும் அத்திவாரத்துக்குப் பெரிய கருங்கல்லும் டிப்பரில் வந்து இறங்கின. அந்தப் பெரிய கற்களில் ஒன்றில்தான் இந்தக் கரைச்சல் தொடங்கியது. வெள்ளையும் கறுப்புமாகக் கோடு ஓடிய கல். அப்படிக் கோடு ஓடிய கல் எங்கள் பக்கத்தில் எவர் வீட்டு அத்திவாரத்திலும் கிடக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இதில் கோடுகள் நேராக ஓடவில்லை. ஒரு பக்கமாகப் போய், மடிந்து, திரும்பி வந்து, மறுபடியும் மடிந்தன. மடிப்பின் முனையில் கோடு தடித்தும் பக்கங்களில் மெலிந்தும் இருந்தது. எங்கும் ஒரு வெடிப்பு இல்லை, ஒட்டுப்போட்ட தடமும் இல்லை. மேசனிடம் காட்டினேன். "இதுக்கு என்ன டீச்சர், நல்ல வைரமான கல்லு. உள்ள போனா ஆர் பாக்கப்போறா?" என்றார். அவருடைய கவலை கல்லின் பலம், அது நியாயம். எனக்குக் கேட்க வேண்டியிருந்தது வேறு. கருங்கல்லை உடைக்கலாம், வெடிவைத்துப் பிளக்கலாம், செதுக்கலாம். வளைக்க முடியாது. அப்படியானால் இதை வளைத்தது எது?

மகள் சாதாரண தரம் எழுதப் போகிறாள். அவளிடம் கேட்டேன். "தீப்பாறை, அடையற் பாறை, உருமாறிய பாறை. இது மூண்டாவது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டாள். சரியான விடைதான், புள்ளி கிடைக்கும். ஆனால் உருமாறியது என்றால் எதிலிருந்து? எங்கே வைத்து? எப்போது? அவளுடைய கொப்பியில் "வெப்பத்தாலும் அமுக்கத்தாலும்" என்று ஒரு வரி இருந்தது. உதாரணத்துக்குச் சலவைக்கல்லும் சிலேற்றும். எரிமலைக்கு ஹவாய், மடிப்பு மலைக்கு இமயம். நான் வர்த்தகம் படிப்பிக்கிறவள். கணக்கீடு சொல்லிக் கொடுக்கும்போது சந்தியில் இருக்கும் பலசரக்குக் கடையின் வரவு செலவைத்தான் எடுப்பேன், அமெரிக்காவில் உள்ள கம்பனியை அல்ல. பூமியைப் பற்றிய பாடத்தில் மட்டும் பூமி எப்போதும் வேறு நாட்டில்தான் நடக்கிறது. இங்கே கடல், வாவி, வயல், வயலுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும் மொட்டைப் பாறை. இதில் என்ன நடந்திருக்கப் போகிறது என்ற நினைப்பு எல்லாருக்கும். இந்த எரிச்சலும் அந்தக் கல்லும் சேர்ந்து என்னை விடவே இல்லை.

உருகாமல் வளைவது

எங்கள் சொந்தத்தில் ஒரு தம்பி பேராதனையில் புவிச்சரிதவியல் படித்துவிட்டு, இப்போது குழாய்க்கிணறு அடிக்கும் வேலைகளோடு இந்தப் பக்கம் திரிகிறார். கல்லைக் கையில் வாங்கி நனைத்துப் பார்த்தார். நனைத்தால்தான் நிறம் தெளிவாகத் தெரியுமாம். வெள்ளைக் கோட்டில் இருப்பது படிகக்கல்லும் பெல்ஸ்பாரும், கறுப்புக் கோட்டில் இருப்பது கறுப்பு மைக்காவும் ஹோர்ன்பிளென்டும். இந்த வகைக் கல்லுக்குப் பெயர் நைஸ். முதலில் இது பெரும்பாலும் கிரனைற் மாதிரியான ஒரு தீப்பாறையாக இருந்திருக்கும், பூமிக்கு உள்ளே உருகிய குழம்பு ஆறி இறுகியது. அப்போது அதில் கோடே இருந்திருக்காது, மணிகள் கலந்து கிடந்திருக்கும். பிறகு அது மறுபடியும் ஆழத்துக்குப் போயிருக்கிறது. அங்கே மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அமுக்கம், 600 பாகைக்கு மேல் சூடு. அந்த நிலையில் பழைய மணிகள் கரையாமல், உருகாமல், திண்மமாக இருந்தபடியே புதிய ஒழுங்கில் வளரத் தொடங்கும். தட்டையான மைக்கா அமுக்கத்துக்குக் குறுக்கே படுக்கும். கறுப்பு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம் என்று பிரிந்து கோடுகள் உண்டாகும். தொடர்ந்து நெருக்கினால் கோடுகள் மடியும்.

"உருகாமல் எப்படி மடியும்?" என்று கேட்டேன். கொல்லன் பட்டறையில் இரும்பு உருகியா வளைகிறது என்று திருப்பிக் கேட்டார். சிவக்கக் காய்ந்தால் போதும், திண்மமாகவே வளையும். பச்சை இரும்பை அடித்தால் முறியும் அல்லது எகிறும். பாறைக்கும் அதேதான், ஆனால் சூட்டோடு காலமும் வேண்டும். ஒரு விரற்கடை மடிவதற்குப் பல்லாயிரம் வருடம் எடுத்தாலும் அவசரப்படுத்த யாரும் இல்லை. சூடு போதாத இடத்தில், அல்லது மிக வேகமாக நெருக்கினால், கல் மடியாமல் வெடிக்கும். அதுதான் பூமியதிர்ச்சி. அந்த இடத்திலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதிப் பாதி விளங்கியது குவாரியில்.

கல் வந்த குவாரிக்கே ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கல்லுடைக்கிற இடம் என்றால் தூசும் சத்தமும்தான் என்று நினைத்திருந்தேன். அன்று மெசின் ஓடவில்லை. வெடிவைத்து இறக்கிய சுவர் ஒன்று, இரண்டு மாடி உயரத்துக்கு மேல், வெயிலில் நின்றது. என் கையகலக் கல்லில் இருந்த மடிப்பு அந்தச் சுவர் முழுவதிலும் இருந்தது. சிறியது, பெரியது, ஒன்றுக்குள் ஒன்று. நடுவே தடித்த வெள்ளைப் பாறை நரம்பு ஒன்று எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு சரிவாக ஏறியது. அதாவது எல்லா மடிப்பும் முடிந்த பிறகு வந்த நரம்பு. கோடு முதலில், மடிப்பு பிறகு, நரம்பு கடைசி. எது முந்தியது எது பிந்தியது என்பது அந்தச் சுவரிலேயே எழுதிக் கிடந்தது. தம்பி அதைப் பார்த்தபடி சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார்: "அக்கா, இந்தக் கல்லு இப்பிடி மடியிறதுக்கு இருவது கிலோமீட்டர் அளவு ஆழத்தில இருந்திரிக்க வேணும். இப்ப நாம அதுக்கு மேல செருப்போட நிக்கிறம்."

எனக்கு அந்த நேரம் கல் மறந்துபோய்விட்டது. இருபது கிலோமீட்டர் கீழே இருந்த பாறை இன்று மேலே இருக்கிறது என்றால், அதற்கு மேலே இருந்த இருபது கிலோமீட்டர் எங்கே? சுற்றிப் பார்த்தேன். கிழக்கே வயல். வயலுக்கு அப்பால் தென்னை. கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டை. இந்தத் தட்டை நிலத்தின் மேல் ஒரு காலத்தில் பெரிய மலைத்தொடர் ஒன்று நின்றிருக்கிறது. நாம் பயிர் செய்வது அந்த மலையின் அடிவாரத்தில்கூட இல்லை, அதன் அடியாழத்தில். மலைநாடு என்று நாம் பதுளைக்கும் நுவரெலியாவுக்கும் சொல்கிறோம். மலை நம்மிடமும் இருந்திருக்கிறது. நாங்கள் அதைக் காணக் கொஞ்சம் பிந்திப் பிறந்துவிட்டோம்.

எவ்வளவு பிந்தி

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இப்படிப்பட்ட பழைய உருமாறிய பாறைதான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லும், புத்தளம் பக்கத்துச் சில படிவுகளும், கரையோர மணலும் விதிவிலக்கு. பழைய பாறையைப் புவிச்சரிதவியலாளர்கள் சில பெரும் பிரிவுகளாக வகுத்திருக்கிறார்கள். நடுவே மலையகத் தொகுதி. அதற்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் விஜயன் தொகுதி. மட்டக்களப்பும் அம்பாறையும் பெரும்பாலும் இந்த விஜயன் தொகுதியின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மலையகத் தொகுதி மேற்கிலிருந்து விஜயன் தொகுதியின் மேல் தள்ளி ஏற்றப்பட்டிருக்கிறது. செங்கலடி பதுளை வீதியால் போனால் வரும் மகா ஓயா வெந்நீரூற்று இருப்பதும் இந்த இரண்டும் சந்திக்கும் எல்லையை ஒட்டித்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுலா போகும்போது அங்கே எல்லாரும் கேட்பது ஒன்றே: கீழே எரிமலை இருக்கிறதா? இல்லை. மழைத்தண்ணீர் வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25, 30 பாகை சூடு கூடிக்கொண்டே போகும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் அதே வெடிப்புகளின் வழியே மேலே வருகிறது. 50 பாகைக்கு மேல் சூடு. கையை விட்டவர்களுக்குத் தெரியும்.

வயது என்று வந்தால் கோடிகளில் பேச வேண்டும். விஜயன் தொகுதியின் மூலப்பாறைகள் பல ஏறக்குறைய 100 கோடி வருடத்துக்கு முந்தியவை. அவை கடைசியாகப் பெரிதாகச் சூடேறி மடிந்தது 55 கோடி வருட அளவில். அப்போது கண்டங்கள் மோதி ஒட்டிக்கொண்டு கொண்டுவானா என்ற பெருநிலம் உருவானது. இலங்கை அதன் நடுப்பகுதியில், இந்தியா, மடகஸ்கார், மொசாம்பிக், அந்தாட்டிக்கா ஆகியவற்றுக்கு இடையே அகப்பட்டு நசுங்கிக் கிடந்தது. நமது கிழக்குக் கரைக்கு அந்தப் பக்கம் அன்று கடல் இல்லை, அந்தாட்டிக்கா இருந்தது. 13 கோடி வருட அளவில்தான் அந்த நிலம் பிரிந்து விலகத் தொடங்கி, இடையே இந்து சமுத்திரம் விரிந்தது. இன்றைக்கும் அந்தாட்டிக்காவில் பனிக்கு மேலே தலைநீட்டும் பாறைகளைத் தட்டிப் பார்ப்பவர்கள் இலங்கைப் பாறைகளோடு ஒப்பிட்டுத்தான் எழுதுகிறார்கள். கல்லடிக் கடற்கரையில் நின்று எதிரே என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் இந்தோனேசியா என்போம். தூரத்தால் அது சரி. சொந்தத்தால் அந்தாட்டிக்கா.

இந்த வயதெல்லாம் குத்துமதிப்பா என்று கேட்பார்கள், நானும் கேட்டேன். சிர்க்கோன் என்ற சிறு மணி ஒன்று இந்தப் பாறைகளில் இருக்கிறது. உருவாகும்போதே கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், ஈயத்தை வாங்காது. யுரேனியம் ஒரே கதியில் ஈயமாக மாறும். யுரேனியம் 238இல் பாதி ஈயமாக 447 கோடி வருடம் வேண்டும். உள்ளே இப்போது எவ்வளவு ஈயம், எவ்வளவு யுரேனியம் மிச்சம் என்று அளந்தால் வயது வந்துவிடும். வட்டி வீதமும் இன்றைய மீதியும் தெரிந்தால் கணக்குத் திறந்த திகதியைக் கண்டுபிடிக்கிற அதே வேலைதான், எனக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. இந்த முறை பிறந்த காலத்தில் இலங்கைக்கும் ஒரு கை இருந்தது. கலை எழுத்துக்காகவே நம்மவர்கள் நினைவில் வைத்திருக்கும் ஆனந்த குமாரசுவாமி முதலில் புவிச்சரிதவியலாளர். இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளர். 1904இல் தோரியனைற் என்ற கதிரியக்கக் கனிமத்தை அவர் இங்கே கண்டெடுத்தார். அடுத்த சில வருடங்களில் இங்கிலாந்தில் ஸ்ட்ரட் என்பவர் பாறையின் வயதை ஹீலியத்தால் அளக்க முயன்றபோது அவர் மேசையில் இருந்தது இலங்கைத் தோரியனைற். இதைப் பாடப்புத்தகத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டாலே போதும், பிள்ளைகளுக்கு ஒரு மரியாதை வரும்.

பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

மட்டக்களப்பில் இருப்பவர்களுக்கு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று பிரித்துச் சொல்லத் தேவையில்லை. நான் அந்தப் பிரிவை மக்கள், வயல், போர்க்காலச் சோதனைச்சாவடி என்ற வழியில்தான் எப்போதும் நினைத்திருக்கிறேன். குவாரிக்குப் போய் வந்த பிறகு மண்முனைப் பாலத்தைக் கடக்கும்போது வேறு ஒன்றும் சேர்ந்துகொண்டது. முந்தி மோட்டார்ப் பாதைக்கு, அதாவது ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடத்தும் மிதவைக்கு, காத்து நின்று கடந்த அதே வாவிதான். ஆரையம்பதிப் பக்கம் நிலம் முழுக்க மணல். கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் தாந்தாமலை வரை போனால் மணலுக்குப் பதில் பாறை, பாறைக்கு மேல் மெல்லிய மண். இந்த இரண்டு கரைக்கும் இடையே இருக்கும் வயது வித்தியாசம் மனதில் நிற்காத அளவு பெரியது. 20,000 வருடத்துக்கு முன் பூமியின் வடக்கிலும் தெற்கிலும் தண்ணீர் பனியாக உறைந்து கிடந்தபோது கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவு தாழ்வு. அன்று வாவி இல்லை. இன்று வாவியில் விழும் ஆறுகள் இன்றைய கரையைத் தாண்டி ஓடிப்போய்க் கடலில் விழுந்திருக்கும். பனி உருகிக் கடல் ஏறி, ஏறத்தாழ ஆறேழாயிரம் வருடத்துக்கு முன்தான் இன்றைய மட்டத்துக்குக் கிட்ட வந்து நின்றது. அதற்குப் பிறகு அலை கரையோரமாக மணலை இழுத்து நீட்டி நீட்டி ஒரு திடலைக் கட்டியது. உள்ளே அகப்பட்ட தண்ணீர் வாவி. வெளியே நின்ற மணல் எழுவான்கரை. ஆகவே ஆரையம்பதி சில ஆயிரம் வருட நிலம், தாந்தாமலை நூறு கோடி வருட நிலம். நடுவில் ஒரு பாலம்.

இது வெறும் அதிசயம் இல்லை, கிணற்றில் தெரியும். எழுவான்கரையில் சில முழம் தோண்டினாலே தண்ணீர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு தனிப் படலமாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, உப்புத் தண்ணீர் பாரம் கூடியது. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால் கீழே நாற்பது அடி அளவு இருக்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிச் சொன்னால், மேலே ஒரு அடியை மோட்டார் போட்டு இறைத்துக் குறைத்தால் கீழே உப்பு நாற்பது அடி ஏறும். படுவான்கரையில் கதை வேறு. பாறைக்குள் தண்ணீர் நிற்க இடம் வெடிப்புகள் மட்டுமே. வெடிப்பில் பட்டால் தண்ணீர், பத்து அடி தள்ளிப் பட்டால் தூசு. தம்பியின் தொழில் முழுக்க இந்தப் பத்து அடியில்தான் ஓடுகிறது.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாளைப் பற்றி இங்கே யாருக்கும் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. கல்லடி, நாவலடி, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று பெயர் சொன்னாலே போதும். ஆனால் பாறையின் பக்கமிருந்து பார்த்தால் அதில் ஒரு விசயம் இருக்கிறது. இலங்கையையும் இந்தியாவையும் சுமக்கும் புவித்தட்டு வருடத்துக்கு ஏறக்குறைய ஐந்து சென்ரிமீற்றர் வடகிழக்காக நகர்கிறது. சுமாத்திராப் பக்கம் அது மற்றத் தட்டுக்குக் கீழே நுழைகிறது. நுழையும் இடம் சூடாக ஆழத்தில் இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். மேற்பகுதியில், குளிர்ந்த பாறையில், இறுகிப் பிடித்துக்கொண்டு நிற்கும். சில நூறு வருடம் பிடித்து வைத்திருந்த நகர்வை அன்று சில நிமிடங்களில் விட்டது. 1,200 கிலோமீற்றருக்கு மேல் நீளமாகப் பிளந்தது, பூமியதிர்ச்சியின் அளவு 9.1. இரண்டு மணித்தியால அளவில் அலை நமது கரையில். என் கல்லில் மடிப்பாக இருப்பதும் அன்று வெடிப்பாக வந்ததும் ஒரே விதமான தள்ளல்தான், சூடும் வேகமும்தான் வேறு. அதற்குப் பிறகு எழுவான்கரைக் கிணறுகள் உப்பாகின. உதவிக்கு வந்தவர்கள் நல்ல மனதோடு இறைத்து இறைத்துத் துப்புரவாக்கினார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் கீழிருந்த உப்பு இன்னும் மேலே வந்தது. அடுத்தடுத்து வந்த மாரிமழைதான் கடைசியில் மணலைக் கழுவிக் கொடுத்தது. நிலம் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்த ஒருவர் அன்று ஒவ்வொரு ஊரிலும் இருந்திருந்தால் அந்த டீசலும் உழைப்பும் மிச்சம்.

மலையின் மிச்சம்

சரி, இருபது கிலோமீற்றர் எங்கே போனது? மழையும் வெயிலும் வேரும் அதைத் தின்றன. பாறையில் இருக்கும் பெல்ஸ்பார் தண்ணீரோடு கலந்து காலப்போக்கில் களியாகும். நமது வயலில் காலைப் பிடிக்கும் சேறும் செங்கல் சூளைக்குப் போகும் களியும் அதுதான். இரும்பு கலந்த கனிமங்கள் துருப்பிடித்துக் கிறவலுக்கு அந்தச் சிவப்பைக் கொடுக்கின்றன. படிகக்கல் மட்டும் எதற்கும் மசியாது, மணியாக உதிர்ந்து ஆற்றோடு போகும். அதுதான் மணல். கச்சான் காற்றுக்கும் வாடைக் கடலுக்கும் பிறகு கரையில் சில இடங்களில் கறுப்புக் கோடாகப் படிந்து கிடக்குமே, அது இல்மனைற் போன்ற பாரமான கனிமங்கள். இலேசான மணலை அலை கொண்டுபோக, பாரமானது தங்கிவிடும். அந்தக் கறுப்பு மணலிலிருந்துதான் வெள்ளைப் பெயின்ற்றுக்குத் தைத்தேனியம் எடுக்கிறார்கள். வாகரை, திருக்கோவில் பக்கங்களில் அதை அகழ்வதற்கு எதிராகச் சனங்கள் ரோட்டில் இறங்கியது ஏன் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரிந்த கதை.

நான் செய்தது எனக்குத் தெரிந்த வேலை, கணக்கு. 55 கோடி வருடத்தில் 20 கிலோமீற்றர் தேய்ந்தது என்றால் சராசரி, ஆயிரம் வருடத்துக்கு 36 மில்லிமீற்றர். ஆனால் இலங்கையின் மலைநாட்டுக் காடுகளில் இயற்கையாக நிலம் தேயும் கதியை ஆற்று மணலில் உள்ள பெரிலியம் 10ஐ, அதாவது நிலத்தின் மேற்பரப்பில் விண்கதிர் பட்டு உண்டாகும் ஒரு வகை அணுவை, வைத்து அளந்திருக்கிறார்கள். அது ஆயிரம் வருடத்துக்கு 10 மில்லிமீற்றர் அளவு அல்லது அதற்கும் குறைவு. அதாவது மலை உயரமாக நின்ற காலத்தில் வேகமாகத் தேய்ந்தது, இப்போது உயரம் போய்விட்டதால் வேகமும் போய்விட்டது. இந்த 10 மில்லிமீற்றரை எடுத்து ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்துக்குப் பெருக்கினால், வருடத்துக்கு 10 கன மீற்றர். நமது பாசையில் மூன்றரை கியூப், ஒரு கியூப் என்றால் நூறு கன அடி. ஒரு டிப்பர் லோட்டும் கொஞ்சமும். அதுவும் முழுப் பாறை. களியும் கரைசலும் போக மணலாக மிஞ்சுவது மூன்றில் ஒன்று என்று வைத்தால், ஒரு சதுர கிலோமீற்றர் நிலம் வருடம் முழுக்க மழையிலும் வெயிலிலும் நின்று தருவது ஒரு கியூப் சொச்சம் மணல். என் பின்னறைக்கு ஐந்தாறு கியூப் வேண்டும் என்று மேசன் கணக்குப் போட்டிருக்கிறார்.

தம்பியிடம் காட்டினேன். "கணக்குச் சரி அக்கா, ஆனா நீங்க தாராளமாப் போட்டிரிக்கிங்க" என்றார். ஆறு கொண்டுவரும் மணல் எல்லாம் கீழே வந்து சேருவதில்லை. கல்லோயாவை மறித்து 1950களின் தொடக்கத்தில் சேனாநாயக்க சமுத்திரம் கட்டினோம். அதன் தண்ணீரால் அம்பாறை வயல் விளைகிறது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மேலிருந்து வரும் மணல் குளத்தின் அடியில் நின்றுவிடுகிறது. அணைக்குக் கீழே ஆற்றில் நாம் அள்ளுவது இந்த வருட மணல் இல்லை, ஆயிரக்கணக்கான வருடம் தேங்கியது. மறுபக்கம், மலைநாட்டில் காட்டை வெட்டிப் பயிர் செய்த சரிவுகளில் மண் இயற்கையைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு வேகமாகக் கழுவுப்பட்டுப் போகிறது. அது மணலாக வந்தால் பரவாயில்லை, பெரும்பாலும் சேறாக வந்து குளத்தை நிரப்புகிறது. "ஆத்து மண் அள்ள அள்ள ஊறும்" என்று டிப்பர்காரர்கள் சொல்வார்கள். ஊறுவது பக்கத்துக் கரை இடிந்து விழுவதால். அதற்குப் பின்னால் நிற்கும் தோட்டக்காரர்களிடம் கேட்டால் எவ்வளவு ஊறுகிறது என்று அடிக்கணக்கில் சொல்வார்கள்.

கடற்கரையிலும் இதே கணக்குத்தான். நமது கரையில் மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை, அலையோடு தெற்கிலிருந்து வடக்காக நடந்துகொண்டே இருக்கிறது. 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்பு அந்த நடையை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, துறைமுக வாயையே அடைத்தது. வடக்கே ஒலுவில் தொட்டு நிந்தவூர்ப் பக்கம் கரையைக் கடல் தின்றது, தென்னைகள் வேரோடு சாய்ந்தன, தோணி இழுத்து வைக்கும் இடம் போனது. நூறு கோடி வருடம், 55 கோடி வருடம் என்று பேசிக்கொண்டிருக்கும் பாடம் இங்கே சில வருடத்துக்குள் கண்முன்னால் நடந்தது. சாதாரண தரப் பிள்ளைகளை ஹவாய்ப் படத்துக்கு முன் உட்கார வைப்பதைவிட ஒரு நாள் ஒலுவிலுக்கு பஸ் பிடித்துக் கூட்டிப் போகலாம். அப்படியே அம்பாறைப் பக்கம் திரும்பி ஒரு குவாரிச் சுவரையும் காட்டலாம். செலவு ஒரு பஸ்ஸும் மதியச் சோறும்.

மணல் லோட் வந்தபோது சாரதியின் அனுமதிப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். அவர் என்னைப் பொலிஸ் வீட்டுக்காரி என்று நினைத்திருக்க வேண்டும், அவசரமாக நீட்டினார். வண்டி இலக்கம், ஆற்றின் பெயர், திகதி, எத்தனை கியூப் என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. அந்த ஆறு வருடத்துக்கு எத்தனை கியூப் கொண்டுவருகிறது என்பதற்கு மட்டும் நிரல் இல்லை. மகளிடம் சொன்னேன். வரவே போடாமல் செலவு மட்டும் எழுதிக்கொண்டு போகிற கொப்பியை நான் வகுப்பில் என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரியும்.